ஆயிரம் பொற்கொல்லர்

கோவலனும் கண்ணகியும் உறையூர் தாண்டி மதுரைக்கு நடக்கையில், கொடும்பாளூருக்கு அப்பால் பிரியும் மூன்று வழிகளை மாங்காட்டு மறையவன் விவரிக்கிறான். வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டிப் போவது. வாழையும் கமுகும் தென்னையும் மாவும் பலாவும் சூழ்ந்த பாண்டியன் மலை அது என்கிறது சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. அவர்கள் போனது நடுவழியில். அது போய்ச் சேர்ந்த மதுரையில்தான், சிலம்பைத் திருடியவன் என்று தவறாகக் கருதிப் பாண்டியன் கோவலனைக் கொல்ல, கண்ணகி ஊரையே எரித்த, தமிழ்க் காப்பியத்தின் மாபெரும் பழிவாங்கல் நடந்தது.

அந்தப் பழி நியாயமா? உ.வே.சா. 1892இல் சிலம்பைப் பதிப்பித்த பிறகு பெருகிய ஆய்வுகளில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த இடம் குறைவு. பழைய உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரைக் கேட்கலாமென்றால், வழக்குரை காதை முதல் அவர் உரை நமக்குக் கிடைக்கவில்லை. ம.பொ.சி. சிலம்பைத் தமிழினத்தின் காப்பியமாக மேடைதோறும் முழங்கினார். அந்த முழக்கத்தில் எரிந்த ஊருக்காக யார் அழுவது? ஆய்வாளர் கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் சங்க வீரப் பாடல்களைக் கிரேக்கக் காப்பியங்களோடு ஒப்பிட்டார். அவர் நாட்டம் பாணர்களின் வாய்மொழி மரபில் இருந்தது.

ஹோமர் இந்தக் கேள்வியை விடுவதில்லை. நண்பனைக் கொன்ற ஹெக்டரை அக்கிலீஸ் கொல்வதைக் கடவுளர் பொறுக்கிறார்கள். பிணத்தைத் தேரில் கட்டி இழுப்பதை அவர்களாலும் பொறுக்க முடியவில்லை. ஒடிசியஸ் தன் வீட்டைச் சூறையாடியவர்களைக் கொன்ற கையோடு, பணிப்பெண்கள் 12 பேர் தூக்கில் தொங்குகிறார்கள். செத்தவர்களின் உறவினர் ஆயுதத்தோடு வர, அதீனா வந்து தடுக்க வேண்டியிருக்கிறது.

சிலம்பைப் பாடிய இளங்கோவும் இதே இடத்துக்கு வருகிறார். அரசவையில் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்து மன்னன் முகத்தருகே பாய்கிறது. தன் தவறு உணர்ந்த அக்கணமே அவன் உயிர் விடுகிறான், அரசியும் சாகிறாள். வழக்கு அங்கேயே தீர்ந்தது. பிறகும் ஊர் எரிகிறது. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகளை விட்டுத் தீயவர் பக்கமே சேர் என்று தீக்கடவுளுக்குக் கண்ணகி ஆணையிடுகிறாள். கோபத்தின் உச்சியிலும் எல்லை போடுகிறாள் என்பதே எனக்கு அவளிடம் பெரிதாகப் படுகிறது.

அந்த எல்லையை மீறியவன் அடுத்து வந்த பாண்டிய அரசன்தான். மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஒரே பகலில் பொற்கொல்லர் 1000 பேரைப் பலியிட்டான். இதை உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் சொல்கின்றன. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் ஒருவன்; செத்தவர் ஆயிரம். அவர்கள் யார், என்ன குற்றம் செய்தார்கள் என்று காப்பியத்தில் ஒரு குரலும் கேட்கவில்லை. தெய்வமான கண்ணகியோ வாழ்த்துக் காதையில், தன் கணவனைக் கொன்ற பாண்டியனைக் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். மன்னனையே மன்னித்தவள் பெயரால் நடந்த அந்தப் பலிக்கு எந்த நியாயமும் இல்லை.

சிறுமலை அடிவாரத்துக் காந்திகிராமத்திலோ வேறு பல்கலைக்கழகத்திலோ தமிழ் படிக்கும் ஆய்வு மாணவர் யாரேனும், நீர்ப்படைக் காதையையும் ஒடிசியின் கடைசிப் பகுதியையும் அருகருகே வைத்து இந்த ஆயிரம் பேரைப் பற்றி ஒரு முழு ஆய்வேடு எழுத முன்வர வேண்டும்.