திகதியும் வரலாறும்: ஜனவரி பத்து குறித்து ஒரு நோக்கு

நாளிதழ்களிலும் வானொலியிலும் 'வரலாற்றில் இன்று' என்னும் தலைப்பில் இடம்பெறும் சிறு பகுதியை இலக்கியத் திறனாய்வாளர்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. இடம் நிரப்பும் துணுக்கு என்பதே அதைப் பற்றி நிலவும் மதிப்பீடு. எனினும், ஒரு நாவலைப் படிப்போரிலும் பன்மடங்கானோர் இதனைப் படிக்கின்றனர். பாடநூலை மூடிவைத்த பின்னர் வரலாறு என்னும் சொல்லைப் பலர் எதிர்கொள்வது இங்கேதான். ஆண்டின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் அந்நாளில் நிகழ்ந்தவையாக எண்ணற்ற சம்பவங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஐந்தோ ஆறோ மட்டுமே அச்சேறுகின்றன. அவை யாரால், எந்த அளவுகோலின்படி தெரிவுசெய்யப்படுகின்றன என்னும் வினா, இலக்கிய வரலாற்றில் எந்த நூல் இடம்பெறுகின்றது, எந்த நூல் விடுபடுகின்றது என்னும் வினாவின் மறுவடிவமேயாகும். ஆகவே இதனைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொண்டு, ஒரேயொரு திகதியை, அதாவது ஜனவரி 10ஐ, உதாரணமாக வைத்து நோக்க முற்படுகின்றோம்.

1

நினைவுகூரும் முறைக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. நமது மரபில் மறைந்தோர் திகதியால் நினைக்கப்பட்டவர்கள் அல்லர். நாயன்மார்களின் குருபூசை மாதத்தையும் நட்சத்திரத்தையும் கொண்டு நிச்சயிக்கப்படுவது. குடும்பத்தின் முன்னோர் திதியைக் கொண்டு நினைக்கப்படுவர். இவ்விரு முறைகளிலும் ஆண்டுக்கு முக்கியத்துவமில்லை. நினைவைக் காப்பவை கோயிலும் குலமும். அச்சு யந்திரமும் காலனித்துவ நிர்வாகமும் வந்த பின்னரே திகதி, மாதம், ஆண்டு என்னும் மூன்றும் சேர்ந்த நினைவு நாள் நிலைபெற்றது. ஆறுமுக நாவலர் இதற்குத் தக்க உதாரணம். அவர் 1879 டிசம்பர் 5ஆம் திகதி மறைந்தார். சைவ நிறுவனங்கள் அவரது குருபூசையைக் கார்த்திகை மகத்திற் கொண்டாடுகின்றன. கல்வியுலகமோ 1979ஆம் ஆண்டிலே நூற்றாண்டைக் கொண்டாடியது. அவ்வாண்டில் வெளிவந்த நாவலர் நூற்றாண்டு மலரின் பதிப்பாசிரியர் மார்க்சியத் திறனாய்வாளரான க. கைலாசபதி என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆண்டு நிறைவு என்பது துதிபாடலாக மட்டுமன்றி, மறுமதிப்பீட்டுக்கான வாய்ப்பாகவும் அமையலாம் என்பதற்கு அஃது ஒரு சான்று.

நட்சத்திரம் வேண்டுமாயின் ஒருவருக்குச் சீடர் பரம்பரை வேண்டும். திகதி வேண்டுமாயின் ஆவணம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதோர் நாட்காட்டியினுள் நுழைவது எவ்வாறு? இவ்வினாவை மனத்திற்கொண்டு நமது உதாரணத்துக்கு வருவோம்.

2

ஜனவரி 10ஆம் திகதிக்குரிய பட்டியலிற் பொதுவாக இடம்பெறத்தக்கவை எவை என்பதை எவரும் எளிதில் ஊகிக்கலாம். 1863இல் இலண்டனில் உலகின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதச் சேவை தொடங்கியது. 1920இல் வேர்செயில்ஸ் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதனுடன் சர்வதேச சங்கமும் பிறந்தது. 1946இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை முதன்முறையாக இலண்டனிற் கூடியது. 1972இல் பாகிஸ்தானிற் சிறையிலிருந்து விடுதலையான முஜிபுர் ரஹ்மான் டாக்கா திரும்பினார். 1940இல் பாடகர் கே. ஜே. யேசுதாஸ் பிறந்தார். இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று, எதுவும் அற்பமானதுமன்று. ஆயினும் இப்பட்டியல் எங்கிருந்து நோக்கும் ஒருவரின் பட்டியல்? உலகச் செய்தி நிறுவனங்கள் தொகுத்தளித்த நாட்குறிப்பை மொழிபெயர்த்து, நமது வாசகருக்கு அறிமுகமான ஒரு கலைஞரின் பெயரை இறுதியிற் சேர்க்கும் முறையே இதன் அமைப்பாகும். உலகம் என்பது தலைநகரங்களின் தொகுதி. வரலாறு என்பது உடன்படிக்கைகளினதும் புகழ்பெற்றோரினதும் தொகுதி. இதுவே பட்டியல் சொல்லாமற் சொல்லும் கருத்துநிலை.

யேசுதாஸ் பிறந்த அதே நாளில், 1940 ஜனவரி 10ஆம் திகதி, இலங்கையின் மலைநாட்டிலே முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். ஊதிய உயர்வும் சங்கம் அமைக்கும் உரிமையும் கோரி நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போது ஏற்பட்ட மரணம் அது. லங்கா சமசமாஜக் கட்சியினர் தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்கம் அமைக்கத் தொடங்கியிருந்த காலம். துரைமாரின் தனியாட்சி முதன்முறையாக அமைப்புரீதியான எதிர்ப்பைச் சந்தித்த காலம். எனவே இஃது ஒரு தோட்டத்தின் தனிச் சம்பவமன்று. நமது நாட்டுத் தொழிலாள வர்க்க வரலாற்றின் ஒரு திருப்புமுனை எனலாம்.

இச்சம்பவம் வரலாற்று நூல்களில் முற்றாக மறைக்கப்பட்டுள்ளது எனக் கூறுவதற்கில்லை. ஆனால் அங்கே இடம்பெறுவது வேறொரு முல்லோயா. இச்சம்பவத்தையொட்டிய வழக்குகள் தொடர்பாக உள்நாட்டு விவகார அமைச்சருக்கும் பொலிஸ் மா அதிபருக்குமிடையே எழுந்த முரண்பாடு, ஆளுநரின் தலையீட்டால் முற்றி, 1940 பெப்ரவரியில் அமைச்சர்களின் பதவி விலகலில் முடிந்தது. டொனமூர் அரசியலமைப்பின் நெருக்கடிகளை விளக்க முற்படுவோர் இதனைத் தவறாது குறிப்பிடுவர். அவர்களுக்கு முல்லோயா என்பது ஆளுநருக்கும் அமைச்சர்களுக்குமிடையிலான அதிகாரப் பிணக்கு. இறந்தவர் அப்பிணக்குக்கு ஒரு முகாந்திரம் மாத்திரமே. சம்பவம் நினைவிற் கொள்ளப்பட்டு, அதன் நாயகன் மறக்கப்படுவதும் தெரிவின் ஒரு வகையாகும்.

3

முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின், 1974 ஜனவரி 10ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள். அன்று மாலை வீரசிங்கம் மண்டபத்தின் முன்னர் திரண்டிருந்த பெருங்கூட்டத்தைக் கலைக்கப் பொலிஸார் மேற்கொண்ட நடவடிக்கையின்போது மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். ஆராய்ச்சி மாநாடொன்றைக் காணவந்த மக்கள் அவர்கள். அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு எதனையும் நியமிக்கவில்லை. பொதுமக்கள் சார்பில், ஓய்வுபெற்ற நீதியரசர் ஓ. எல். டி கிறெற்சர் தலைமையில் அமைந்த குழுவே விசாரணை நடத்தியது. அந்நிய ஆட்சியின் கீழ் நிகழ்ந்த முல்லோயா மரணம் தொடர்பில் உத்தியோகபூர்வ விசாரணை நடந்தது என்பதையும், சுதந்திர நாட்டில் நிகழ்ந்த மரணங்களுக்கு அதுவும் கிட்டவில்லை என்பதையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே அரசின் தன்மை குறித்த ஒரு பாடம் துலக்கமாகின்றது.

ஆயின், இவ்விரு ஜனவரி பத்துகளும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சாவது மிக அரிது. இதற்கான காரணங்களை வெளிப்படையாக ஆராய்தல் அவசியம்.

தமிழ்த் தேசிய மரபு 1974ஐ ஆண்டுதோறும் நினைவுகூருகின்றது. அதற்கு முழு நியாயமும் உண்டு. ஆனால் 1940 அதன் நாட்காட்டியில் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றோர் ஆக்கப்பட்டமை 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று என்பதை எண்ணிப் பார்க்கும்போது இவ்விடுபாடு வியப்பூட்டுகின்றது. தமிழருக்கு நேர்ந்த இழப்புகளை இனத்தின் இழப்புகளாக வரிசைப்படுத்தும் நோக்குக்கு, கூலிக்காகப் போராடி இறந்த ஒருவர் அவ்வரிசையில் முழுமையாகப் பொருந்துவதில்லை. அவரை ஏற்றுக்கொள்வதாயின், வடபுலத்தின் உயர் வர்க்கமும் உயர் சாதியினரும் மலைநாட்டுத் தொழிலாளரை எவ்வாறு நோக்கினர் என்னும் வினாவையும் உடனேற்க வேண்டியிருக்கும்.

இடதுசாரி மரபின் மௌனம் வேறு வகையினது. அம்மரபைச் சார்ந்த நாம் இதனைச் சுயவிமர்சனமாகவே கூறுகின்றோம். கோவிந்தனை நாம் அறிவோம். நமது மேடைகளில் அவர் பெயர் ஒலித்ததுண்டு. ஆனால் 1974ஐ நமது நாட்காட்டியிற் குறிக்க நாம் தயங்கினோம். காரணம் எளியது. 1940இல் முல்லோயாத் தொழிலாளரின் பக்கம் நின்ற அதே லங்கா சமசமாஜக் கட்சி 1974இல் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் பங்காளி. கம்யூனிஸ்ட் கட்சியும் அவ்வாறே. ஆகவே 1974ஐப் பேசுவது நமது சொந்த வீட்டைப் பற்றிப் பேசுவதாகும். தேசிய இனப் பிரச்சினையை வர்க்கப் பிரச்சினையின் ஓர் உபவிளைவாகக் கண்டு, அதனைத் தாமாகவே தீரும் ஒன்றாகக் கருதிய கோட்பாட்டுக் குறைபாடு நமது நினைவு நாட்களின் தெரிவிலும் பதிந்துள்ளது. பிறருடைய மறதியைச் சுட்டும் உரிமை, நமது மறதியை ஏற்றுக்கொண்ட பின்னரே நமக்கு உண்டு.

4

இவ்விரண்டையும் அருகருகே வைத்தல் என்பது இரண்டையும் ஒன்றெனக் காட்டுதலன்று. முன்னையது மூலதனத்துக்கும் உழைப்புக்குமிடையிலான மோதல். பின்னையது ஒரு தேசிய இனத்தின் பண்பாட்டு உரிமை மீதான தாக்குதல். இவற்றின் வேறுபாட்டை மங்கச் செய்யும் நினைவுகூரல் வெறும் சடங்காகும். ஆனால் கலைந்து செல்லுமாறு மக்களுக்குக் கட்டளையிட்ட அரச யந்திரத்தின் தொடர்ச்சியை, தனித்தனிப் பக்கங்களில் அவற்றைக் காணும் வாசகர் காணமாட்டார்.

இவ்விடத்தில் திகதியின் எல்லையையும் குறிப்பிடல் வேண்டும். கோவிந்தனுக்கு ஒரு திகதி கிடைத்தமைக்குக் காரணம் அவர் சுடப்பட்டமையே. பொலிஸ் அறிக்கையும் விசாரணை ஆவணமும் அவரது மரண நாளைப் பாதுகாத்தன. மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, கொலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் மடிந்தோருக்குத் திகதி இல்லை. மெல்ல நிகழும் மரணம் நாட்காட்டியில் இடம்பெறுவதில்லை. அடக்குமுறையின் அன்றாடத் தன்மையை மறைத்து, வெடித்த கணத்தை மாத்திரம் வரலாறாகக் காட்டுவது ஆண்டு நிறைவு என்னும் வடிவத்திற்கே உரிய குறைபாடு. 2023இல் 'மலையகம் 200' என்னும் பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மேற்கொள்ளப்பட்ட நடைபயணம் இக்குறைபாட்டைக் கடக்க முயன்றது. ஒரு நாளுக்குப் பதிலாக ஒரு பாதையை அது நினைவுகூர்ந்தது. எனினும் 1823ஐத் தொடக்கமாகக் கொள்ளும்போது, கோப்பித் தோட்டம் அமைத்த துரையின் ஆண்டையே மக்களின் ஆண்டாகவும் கொள்கின்றோம் என்பது மறத்தற்பாலதன்று.

இலக்கியத்தின் பணி இங்கேதான் தெளிவாகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ அ. பாலஐயாவால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கப்பட்ட கவிதை நூல், பெயரும் கல்லறையுமின்றித் தேயிலைச் செடியின் அடியிற் புதைந்தோரைப் பாடுகின்றது. அவர்களுக்கு நாட்காட்டி அளிக்க மறுத்த இடத்தைக் கவிதை அளித்தது. திகதியற்றோரின் நினைவு இலக்கியத்திலே தங்குகின்றது. ஆகவே நினைவு நாட் பட்டியலைத் தயாரிப்போர் ஆவணங்களை மட்டுமன்றி இலக்கியத்தையும் நாட வேண்டியவராவர்.

5

அவ்வாறாயின் தெரிவுக்கான அளவுகோல் யாது? எல்லாவற்றையும் சேர்ப்பது இயலாது. சேர்ப்பின் அது பட்டியலாயிருக்குமேயன்றி வரலாறாகாது. மூன்று வினாக்களை முன்வைக்கலாம். இந்நிகழ்ச்சியின் நாயகர் யார், அவர் பெயர் சொல்லப்படுகின்றதா? இதனை விடுவதால் யாருக்கு வசதி? இதன் அருகே வேறெதை வைத்தால் இரண்டும் புதிய பொருள் பெறும்? இவற்றுள் இரண்டாவது வினாவைத் தெரிவு செய்வோர் முதலில் தம்மிடமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் மலையகத்திலே ஜனவரி 10ஐத் தியாகிகள் தினமாகக் கொள்ளும் வழக்கம் உருவாகி வருகின்றது. 1977இல் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்துச் சுடப்பட்ட டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் முதலானோரும் கோவிந்தனின் நாளிலே நினைக்கப்படுகின்றனர். தனியொருவரின் திகதி ஒரு வர்க்கத்தின் திகதியாக விரிகின்றது. மேலிருந்து அளிக்கப்படாது கீழிருந்து எழுந்த தெரிவு இது. அதே நாளில் யாழ்ப்பாணத்திலும் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. மலையகத்தின் கூட்டத்தில் 1974இன் மரணங்களும், வீரசிங்கம் மண்டபத்தின் முன்னர் கோவிந்தனின் பெயரும் ஒருமுறையேனும் உச்சரிக்கப்படுமாயின், அந்நாள் தற்செயலாக ஒன்றுபட்ட இரு திகதிகள் என்னும் நிலையைக் கடந்துவிடும். அதற்கான முதற் பணியாக, இப்பல்கலைக்கழகத்தின் தமிழ்ச் சங்கம் தனது அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டியில் அவ்விரண்டையும் ஒரே கட்டத்தினுள் அச்சிட வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.