உயரும் மாடிகளும் உமர் (ரலி) அவர்களின் மடலும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுப் பாலத்தின் மீது நின்று மேற்கே நோக்குவோர் இன்று காண்பது புதியதோர் அடிவானம். ஹஸ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மரபு கூறும் கோவளத்திற்கு, மதரஸாவில் ஓதிய நாட்களில் நாம் இவ்வழியே ஜியாரத் சென்றதுண்டு. அன்று கழிமுகத்து நீருக்கு அப்பால் பனைகளும் சவுக்குத் தோப்புகளும் தெரியும். கேளம்பாக்கத்தை ஒட்டி உப்பளங்கள் வெண்மையாய் விரிந்திருக்கும். இன்று ஏகாட்டூர், நாவலூர், படூர் என்னும் சிற்றூர்களின் பெயர்களைத் தாங்கி முப்பது மாடி, நாற்பது மாடிக் குடியிருப்புகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் கணினி நிறுவனங்கள் பெருகின. அங்குப் பணிபுரிவோர்க்கு வீடுகள் தேவைப்பட்டன. அத்தேவையே செங்கல்பட்டு மாவட்டத்தின் வானத்தை மாற்றியமைத்தது.

இக்காட்சியைப் பற்றி நம் மிம்பர்களில் ஒலிக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினாக்கள் தொடுத்த ஹதீஸில், இறுதி நாளின் அடையாளங்களுள் ஒன்றாக, செருப்பின்றி நடந்த ஆட்டிடையர்கள் கட்டடங்களை உயர்த்துவதில் முந்துவர் என்னும் செய்தி வருகிறது. அதை எடுத்துரைத்து, உயர்மாடிகள் அனைத்தும் மறுமையின் அறிகுறிகள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நாமும் பலமுறை அவ்வாறு பேசியவர்களே. ஆனால் இந்தத் தீர்ப்பு மிக எளிதானது. எளிதானது என்பதாலேயே பயனற்றதும் ஆகிறது. கேட்போர் தலையசைத்து எழுந்து, தம் ஒன்பதாம் மாடி வீட்டிற்கு மின்தூக்கியில் ஏறிச் செல்கின்றனர். குத்பா அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. அவர்களும் எதற்கும் விடை சொல்ல வேண்டியதில்லை.

ஹதீஸின் சொல்லமைப்பைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். அங்கு வரும் வினைச்சொல் ‘யததாவலூன’ என்பது. ‘தஃபாஉல்’ வாய்பாட்டில் அமைந்த இச்சொல், ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டுச் செய்யும் செயலைக் குறிப்பதென்று ஸர்ஃபு படிக்கும் மாணவரும் அறிவர். ஒவ்வொருவரும் தம் கட்டடம் மற்றவருடையதைவிட உயர்ந்திருக்க வேண்டுமென விழைவதே இதன் பொருள் என்று இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ விளக்குகிறார். எனவே, இங்குச் சுட்டப்படுவது கட்டடத்தின் அளவைக் காட்டிலும் கட்டுவோரின் போட்டி மனப்பான்மையே எனலாம். ஷுஅரா அத்தியாயத்தில் ஹூத் (அலை) அவர்கள் ஆது சமூகத்தாரைக் கண்டிக்கும் இடத்திலும், மேடுதோறும் அவர்கள் வீணுக்காகச் சின்னங்கள் எழுப்பியதும், நிலைத்து வாழ்வோர் போல் மாளிகைகள் அமைத்ததுமே குற்றமாகின்றன. இரண்டு இடங்களிலும் உயரத்திற்குப் பின்னால் இருக்கும் உள்ளமே விசாரணைக்கு உள்ளாகிறது.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. பதினோராம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ, ஃபுஸ்தாத் நகரில் ஏழு மாடி முதல் பதினான்கு மாடி வரையிலான வீடுகளைக் கண்டதாக எழுதியுள்ளார். ஹளரமவ்த்துப் பள்ளத்தாக்கின் ஷிபாம் நகரம், பச்சை மண் கற்களால் எழுப்பிய ஏழெட்டு மாடி வீடுகளால் ஆனது. 1982இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவ்வீடுகளுள் பெரும்பாலானவை பதினாறாம் நூற்றாண்டில் நேர்ந்த பெருவெள்ளத்திற்குப் பின் உருவானவை. அவர்கள் மேட்டின் மீது நெருக்கமாகக் கட்டி மேல்நோக்கி வளர்ந்தனர். கீழே இருந்த விளைநிலத்தை விளைச்சலுக்கும், வெள்ளத்தின் பாதையை வெள்ளத்திற்கும் விட்டுவைத்தனர். ஷிபாமின் உயரம் மண்ணுக்கும் நீருக்கும் வழிவிட்டதால் விளைந்த உயரம்.

அவ்வாறாயின், ஒரு மாடியை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? அதற்கான விடையை உமர் (ரலி) அவர்களின் மடல் ஒன்றில் காண்கிறோம். எகிப்தின் வரலாற்றை எழுதிய இப்னு அப்தில் ஹகம் இதனைப் பதிவு செய்துள்ளார். ஃபுஸ்தாத்தில் முதன்முதலாக மேல்மாடி அறை கட்டியவர் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள். செய்தி மதீனாவை எட்டியதும், கலீஃபா அவர்கள் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதினார்கள்: அவ்வறையில் ஒரு கட்டிலைப் போட்டு, அதிக நெட்டையோ குட்டையோ அல்லாத ஒருவரை அதன் மேல் நிற்கச் செய்யுங்கள், சாளரத்தின் வழியே அவரால் வெளியே எட்டிப் பார்க்க இயலுமாயின் அறையை இடித்துவிடுங்கள் என்பது அம்மடலின் கருத்து. சோதனை நடந்தது. சாளரம் கண்ணுக்கு எட்டவில்லை. அறை நிலைத்தது.

ஜிப்ரீல் (அலை) அவர்களின் ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமில் உமர் (ரலி) அவர்கள் வாயிலாகவே அறிவிக்கப்படுகிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது. அந்த எச்சரிக்கையை நமக்கு எடுத்துச் சொன்ன அவர்களே, உயரமானது என்னும் ஒரே காரணத்திற்காக ஓர் அறையை இடிக்கச் சொல்லவில்லை. கீழே இருப்பவனுக்கு இதனால் தீங்கு உண்டா என்று கேட்டார்கள். அதை அளந்து பார்க்கவும் வழி சொன்னார்கள். தீங்கிழைத்தலும் பதிலுக்குத் தீங்கிழைத்தலும் கூடாது என்னும் நபிமொழியை மூலவிதியாகக் கொண்டு, பிற்காலத்தில் தூனிஸ் நகரக் கட்டடக் கலைஞர் இப்னுர் ராமீ போன்றோர் சுவர், சாளரம், வடிகால் பற்றிய சட்டங்களைத் தொகுத்ததும் இந்நெறியிலேதான்.

அக்கட்டிலைப் பழைய மாமல்லபுரம் சாலையின் மாடிகளில் போட்டுப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 18.30 மீட்டருக்கு மேற்பட்டதை உயர்மாடிக் கட்டடம் என வகுத்தன. சாதாரணக் கட்டடத்திற்கு மனையின் பரப்பைப் போல் இரு மடங்கு தளப்பரப்பும், உயர்மாடிக்குச் சாலையின் அகலத்தைப் பொறுத்து 3.25 மடங்கு வரையும் அனுமதித்தன. உயரத்திற்குச் சட்டமே ஊக்கம் அளித்தது. ஆனால் நீர் எங்கிருந்து வருவது? ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற பகுதியில், குழாய் நீர் எட்டாத குடியிருப்புகள் பல ஆண்டுகளாகத் தண்ணீர் லாரிகளை நம்பி வாழ்ந்தன. அந்த லாரிகள் நிரம்புவது சுற்றுப்புறச் சிற்றூர்களின் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, கிணற்றைச் சுற்றி வாழ்வோரும் மாடியில் வாழ்வோரும் ஒரே ஊற்றின் பங்காளிகள் என்பது வெளிப்பட்டது. மழைக்காலத்திலோ கதை தலைகீழாகிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், முன்பிருந்ததில் எஞ்சிய சிறு பகுதியே. நீர் தங்கிய இடத்தில் கட்டடம் தங்கிவிட்டதால், 2015இலும் 2023இலும் வெள்ளம் தாழ்ந்த வீடுகளைத் தேடிச் சென்றது. இது ஷிபாமுக்கு நேர் எதிரான உயரம்.

அதே சதுப்பு நிலத்தின் தெற்கே பெரும்பாக்கத்தில் இன்னொரு வகை மாடிகளும் உண்டு. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களுக்காக, தரைத்தளத்திற்கு மேல் ஏழு மாடிகளாக அரசு எழுப்பியவை அவை. ஏகாட்டூரின் மாடி ‘கடல் தெரியும்’ என்று விலை பேசப்படுகிறது. பெரும்பாக்கத்து மாடியிலிருந்து, நாள்தோறும் பிழைத்த தொழில் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தெரிகிறது. ஒருவருக்கு உயரம் விருப்பம். மற்றவருக்கு அது விதிக்கப்பட்ட இடம். மின்தூக்கி பழுதாகும் நாளில் இந்த வேறுபாடு படிக்குப் படி புரியும்.

மாடி எழும்பும் காலத்தில் அதனடியில் நிற்பவனும் அண்டைவீட்டானே. புறநகரின் மேற்கே மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். அதன் இணைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கலீஃபாவின் கட்டில் முன்னதாகவே போடப்பட்டிருந்தால் வெடிமருந்துக்குத் தேவை இருந்திராது.

இவ்வளவும் சொன்னபின், நம்மை நோக்கியும் ஒரு சொல் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அடுத்த ஊர்ப் பள்ளிவாசலின் மினாராவைவிட நம் மினாரா சில அடி உயர வேண்டும் என்று மஹல்லாக்கள் வசூல் செய்வதை நாம் கண்டிருக்கிறோம். அரபுநாட்டு வருவாயில், பக்கத்து வீட்டு முற்றத்தின் வெளிச்சத்தை மறைத்து மூன்றாம் மாடி எழுப்பி, அதற்குப் பரக்கத் என்று பெயரிடுவதையும் கண்டிருக்கிறோம். ‘யததாவலூன’ என்னும் சொல் நாற்பது மாடிக்குப் பொருந்துவதற்கு முன், நான்கு அடி அதிகமான மினாராவுக்குப் பொருந்திவிடுகிறது.

ஆகவே, உயர்மாடிகளைச் சபிக்கும் குத்பாக்களை நிறுத்திக்கொள்வோம். நம்மில் வீடு வாங்குவோர், அங்குச் சதுர அடி என்ன விலை என்று கேட்பதோடு, நீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, மழைநீர் யார் வாசலுக்குப் போகிறது, கட்டியவர்கள் பாதுகாப்போடு வீடு திரும்பினார்களா என்றும் கேட்கட்டும். காரிஜா (ரலி) அவர்களின் அறை சோதனையில் தேறியதால் நிலைத்தது. நம் வீடுகளையும் அச்சோதனைக்கு உட்படுத்தும் துணிவு நமக்கு வேண்டும்.

வல்லாஹு அஃலம்.