ஒளியின் அளவு கிருமிகளின் எண்ணிக்கையா?

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடம் திருமுக்கூடல். அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11-ஆம் நூற்றாண்டிலேயே அங்கு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததை அது தெரிவிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் ஆகியோரையும் அது குறிப்பிடுகிறது. ஆனால் அந்தக் கட்டில்கள் தூய்மையாக உள்ளனவா என்பதைக் கண்ணும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். பாக்டீரியாவை அன்று உலகில் எவரும் அறியார்.

இன்று அதே போன்ற ஒரு கட்டிலின் கம்பியைச் சோதிக்க நம்மிடம் வழிகள் உண்டு. அவற்றுள் பழையது வளர்ப்பு முறை. ஈரமான பஞ்சுக் குச்சியால், வழக்கமாக 100 சதுர செ.மீ. பரப்பைத் துடைத்து, அகார் கூழின் மேல் தேய்க்கிறார்கள். ஒன்றிரண்டு நாள்களில் பாக்டீரியாக்கள் பெருகிப் புள்ளி புள்ளியான காலனிகளாகத் தெரியும். அவற்றை எண்ணலாம், இன்ன வகை என்றும் கண்டறியலாம். அகார் தட்டையே பரப்பின் மேல் அழுத்தி எடுப்பதும் உண்டு. ஆனால் இதற்குக் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்க விரும்பாதவர்களுக்கு வந்ததே ஒளிமானி. மின்மினியின் ஒளிக்கு ஏ.டி.பி. என்னும் பொருள் தேவை என்பதை 1947-இல் வில்லியம் மெக்எல்ராய் காட்டினார். எல்லா உயிரணுக்களிலும் ஏ.டி.பி. உண்டு. துடைத்த பஞ்சை மின்மினி நொதியுடன் சேர்த்தால் ஒளி தோன்றும். சில நொடிகளில் கருவி ஓர் எண்ணைக் காட்டும்.

இங்கேதான் பிழை நுழைகிறது. அந்த எண்ணைக் "கிருமிகளின் எண்ணிக்கை" என்று கூறுவது தவறு. கருவி அளப்பது ஒளியை மட்டுமே. புதிய தக்காளிச் சாறு ஒரு துளி, இரத்தக் கறை, உதிர்ந்த தோல் ஆகியவற்றிலும் ஏ.டி.பி. உண்டு. மாறாக, ஒரு பாக்டீரியாவில் இருப்பதோ மிகச் சிறிதளவு. ஆகவே சில நூறு பாக்டீரியாக்கள் இருந்தாலும் எண் தாழ்ந்தே நிற்கலாம். வைரஸில் ஏ.டி.பி. உற்பத்தியே இல்லை. எஞ்சிய கிருமிநாசினி, நொதியைக் கெடுத்து ஒளியைக் குறைக்கவும் கூடும்.

அலகையும் கவனியுங்கள். மீட்டரும் கிலோகிராமும் எங்கும் ஒன்றே. ஒளிமானியின் "சார்பு ஒளி அலகு" அப்படியன்று. ஒரு கருவியின் 100, வேறு நிறுவனக் கருவியின் 100 ஆகாது.

வளர்ப்பு முறையும் குறையற்றதன்று. பஞ்சு எல்லாக் கிருமிகளையும் எடுப்பதில்லை. எடுத்தவை யாவும் அகாரில் வளர்வதுமில்லை. காலனி தோன்றாவிட்டால் கிருமியே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அப்படியானால் ஒளிமானி வீணா? இல்லை. ஒரே கருவியால், ஒரே இடத்தை, துடைக்கும் முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டால் நன்றாகத் துடைத்தோமா என்பது தெரியும். ஆனால் ஒரே ஓர் எண்ணைக் காட்டித் துப்புரவுப் பணியாளரைக் கண்டிப்பது அநீதி. எண் தாழ்ந்திருக்கிறது என்று நோயாளியைக் கிடத்துவது ஆபத்து.

வாசகர்களே, எந்தக் கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் முதலில் இதைக் கேளுங்கள்: அது அளந்தது எதை?