வால்ட்ஸும் திசிரமும்: ‘நீல டான்யூப்’ குறித்து ஒரு மதிப்பீடு

வால்ட்ஸின் மூன்றெண் தாளத்தைத் ‘திசிரம்’ என்று பெயர்த்து அமைவது தமிழ் இசையுரையாடலில் வழக்கம். முத்துசுவாமி தீட்சிதரின் (மறைவு 1835) நோட்டுசுவரங்களுக்கு அது பொருந்தும். மேலை மெட்டிலமைந்த ‘சக்தி ஸஹித கணபதிம்’ உருப்படியில் மூன்று எண்ணிக்கைகளும் ஒத்த அளவின. இரண்டாம் யோகான் ஸ்ட்ராஸின் ‘நீல டான்யூப்’ (1867) அவ்வாறன்று. வியன்னா மரபில் இரண்டாம் தட்டு சற்றே முந்தி விழும்; மூன்றாவது காத்திருந்து வரும். இசைக்குறிப்பில் மூன்றும் சமமாகவே எழுதப்பட்டுள்ளன. முந்துதல் வாசிப்போரின் கைப்பழக்கத்தில் வாழ்கிறது. இதனை எடுப்போடு ஒப்பிடுதலும் தகாது. எடுப்பு என்பது தாளவட்டத்தில் பாடல் தொடங்கும் இடம். இங்கோ ஒவ்வொரு சுற்றின் உள்ளேயும் இழுவை நிகழ்கிறது.

1866இல் பிரஷ்யாவிடம் தோற்றுச் சோர்ந்திருந்த வியன்னாவில், ஆடவர் பாடற்குழு அங்கதச் சொற்களுடன் அரங்கேற்றிய படைப்பு இது. சொற்கள் நிலைக்கவில்லை, அதனால் இழப்பொன்றுமில்லை. நிலைத்தது பல்லிய வடிவமே. மெதுவான முன்னிசை, ஐந்து வால்ட்ஸ்கள், முதல் மெட்டை மீட்டெடுக்கும் இறுதிப் பகுதி என்னும் அமைப்பு, இதனை நடன இசை என்பதினும் நடனத்தைப் பற்றிய இசை எனக் கொள்ளச் செய்கிறது. முன்னிசையில், நடுங்கும் வயலின்களுக்குக் கீழே கொம்பு அம்மெட்டைத் தொட்டுக்காட்டும்போது ஆடுவோருக்கு அடியெடுக்க இன்னும் இடமில்லை.