அப்புசாமி – சீதாப்பாட்டி கதைகளில் மரியாதை விகுதியும் நகைச்சுவையும்

ஜ.ரா. சுந்தரேசன் தம் தாய், தந்தையர் பெயர்களை இணைத்துப் 'பாக்கியம் ராமசாமி' என்னும் புனைபெயரில் குமுதம் இதழில் எழுதிய அப்புசாமி – சீதாப்பாட்டி கதைகள், 1960களில் தொடங்கிப் பல தலைமுறை வாசகரைப் பெற்றவை. இளையோர் காதலை விடுத்து, முதிய தம்பதியரின் ஊடலையே இவை நகைப்பிற்குப் பொருளாக்கின.

இக்கதைகளின் நகைச்சுவைக்கு மொழியமைப்பும் ஒரு காரணமாகும். கதைகூறும் மொழியில் கணவருக்கு 'ஆர்' விகுதியும் மனைவிக்கு 'ஆள்' விகுதியும் வருகின்றன. ஆனால் வீட்டில் பணமும் முடிவும் பாட்டியிடமே உள்ளன. அவர் ஆங்கிலம் கலந்து பேசி, பாட்டிகள் முன்னேற்றக் கழகத்திற்குத் தலைமை தாங்குகிறார். தாத்தாவோ ரசகுண்டு, பீமாராவ் ஆகிய நண்பர்களுடன் சூழ்ச்சி செய்து தோற்கிறார். இலக்கணம் கணவருக்குத் தரும் உயர்வைக் கதைநிகழ்ச்சி பறித்துக்கொள்கிறது. இம்முரணே சிரிப்பை விளைவிக்கிறது.

பாலாற்றங்கரையிலுள்ள பேத்தமங்களா போன்ற, தமிழும் கன்னடமும் தெலுங்கும் அருகருகே வழங்கும் கோலார்த் தங்கவயல் வட்டாரத்து ஊர்களில், எவரிடம் எம்மொழியில் பேசுவது என்பதும் உறவைக் காட்டும் குறியாகும். அத்தகைய சூழலில் வாழும் வாசகருக்குப் பாட்டியின் மொழிக்கலப்பு பகட்டு மட்டுமன்று, அதிகாரத்தின் அடையாளமும் ஆகும் என்பது எளிதில் புலப்படும்.

எனினும் ஒரு குறை நோக்கத்தக்கது. மனைவி ஆள்வது இயல்பன்று என்னும் எண்ணம் வாசகரிடம் இருந்தால்தான் இந்நகைச்சுவை பயன்தரும். அதிகாரம் கைமாறியபோதும் விகுதி கைமாறவில்லை. ஆகவே இக்கதைகள் பழைய உறவுமுறையை எள்ளினவேயன்றி, அதனை மாற்ற முனையவில்லை எனலாம்.