ஐம்பது மீட்டர் உயரத்தில்

ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு கொரில்லா ஏணியில் ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் அவளை இறக்கிவிட்டு, இரும்புத் தளத்தின் மேல் துள்ளித் துள்ளி நகர்கிறது. ஒவ்வொரு துள்ளலுக்கும் கீழே ஒரு தளம் சாய்கிறது. நேராக நின்ற கட்டடம் கண்ணெதிரே கோணிப்போகிறது. பிறகு பீப்பாய்கள் உருண்டு வருவது அந்தச் சாய்வில்தான்.

இந்தக் காட்சியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. டொங்கி கொங் என்ற வீடியோ ஆட்டத்தைப் பத்து வயதிலிருந்து ஆடியவன் நான். தளங்கள் ஏன் சாய்ந்திருக்கின்றன என்று அதுவரை கேட்டதே இல்லை.

1990களில் கண்டியில் எங்களுக்கு வாய்த்தது ‘டீவி கேம்’. யப்பானின் ஃபெமிகொம் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல் பெட்டி. ஒரே கசெட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக மேலே அச்சடித்திருக்கும். 1981இல் நிண்டெண்டோவுக்காக ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கிய டொங்கி கொங், காசு போட்டு ஆடும் ஆளுயரப் பெட்டிக்கானது. 1983இல் அதை வீட்டு இயந்திரத்துக்குச் சுருக்கியபோது கொரில்லா ஏறும் தொடக்கக் காட்சி போய்விட்டது. ஆட்டத்தின் நான்கு திரைகளில் ஒன்றும் போய்விட்டது: நகரும் பட்டைகளில் சிமெந்துத் தட்டுகள் போய்வரும், ரசிகர்கள் ‘50 மீட்டர்’ என்று சொல்லும் திரை. சுருக்கத்தையே மூலம் என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாங்கள். மூலத்தைக் கட்டுகஸ்தோட்டையில் என் மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தது, பழைய ஆட்டப் பெட்டிகளைக் கணினியில் அப்படியே போலச்செய்யும் ‘மேம்’ என்ற எமுலேட்டர்.

நிக்கோலா சல்மொரியா என்ற இத்தாலியர் அதன் முதல் பதிப்பை 1997 பெப்ரவரி 5ஆம் திகதி வெளியிட்டார். இன்று பல்லாயிரம் ஆட்டங்கள் அதில் ஓடுகின்றன. ஆனால் அதை ஆடுவதற்கான மென்பொருள் என்று மட்டும் எண்ணுவது அதைக் குறைத்து மதிப்பது. அது ஒரு ஆவணம். ஒவ்வொரு பழைய மின்சுற்றுப் பலகையிலும் எந்தச் சில்லு எந்தச் சில்லோடு என்ன வேகத்தில் பேசியது என்பதை நிரல் மொழியில் எழுதிவைத்த ஆவணம். ஆட்டம் பிசகாமல் ஓடினால், எழுதியது சரி என்று பொருள்.

கண்டிப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது ஆனந்த குமாரசுவாமியை நினைக்காமல் இருக்க முடியாது. கனிமங்களை ஆராய வந்த அவர், கண்டிச் சீமையின் கைவினைகள் அழிந்துவருவதைக் கண்டு, கைவினைஞர்களிடம் கேட்டறிந்து, 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’யை வெளியிட்டார். வில்லியம் மொறிஸின் அச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் மட்டுமே அச்சான நூல். பொருளின் அழகை வருணித்ததோடு அவர் நிற்கவில்லை. அது எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் எழுதினார். மேமின் மூல நிரலைப் புரட்டும்போது அதே அக்கறையை நான் உணர்கிறேன்.

எமுலேட்டர் இலவசம். ஆட்டம் இலவசமல்ல, அதன் உரிமை இன்றும் நிண்டெண்டோவிடம் இருக்கிறது. ராபி ரோட்டோ, கிரிட்லீ போன்ற சிலவற்றை மட்டும், இலாப நோக்கில்லாமல் ஆட, உரிமையாளர்களே அனுமதித்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் அவற்றில் கைபழகலாம். டொங்கி கொங்கைப் பெற எனக்கு உதவியவன் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான். பழைய டொங்கி கொங் பலகை ஒன்றை அவன் வாங்கி வைத்திருந்தான். அதன் சில்லுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்துப் படித்து அனுப்பினான். ஆட்டத்தின் முதன்மை நிரல் நான்கு சில்லுகளில், மொத்தம் 16 கிலோபைட். இந்தக் கட்டுரையைத் தமிழில் தட்டெழுதிச் சேமித்த கோப்பு அதைவிடப் பெரியது.

முதல் முறை மேம் எச்சரித்தது. சில்லுகளில் ஒன்றின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்றது. பதினாறாயிரத்துச் சொச்சம் பைட்டுகளில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் அது கண்டுபிடித்துவிடும். மச்சான் அந்தச் சில்லை மறுபடி எடுத்து, கறுத்துப்போயிருந்த கால்களை அழிறப்பரால் தேய்த்து, மீண்டும் படித்தான். எண் பொருந்தியது. அன்றிரவு நாங்கள் இருவரும் தொலைபேசியில் பேசிய சந்தோஷம் ஒரு உறவுக்காரர் பிழைத்தெழுந்த சந்தோஷம்.

அடுத்தது திரை. மூல ஆட்டத்தின் திரை நிமிர்ந்தது: அகலம் 224 புள்ளி, உயரம் 256. அகன்ற மொனிட்டரில் போட்டால் இரண்டு பக்கமும் இருட்டு. நடுவில் ஒடுங்கிய ஒரு கீற்று. கைமாறி வந்த 19 அங்குலச் சதுர மொனிட்டர் ஒன்றை வாங்கிச் செங்குத்தாகத் திருப்பி நிறுத்தினேன். அதன் உயரம் இப்போது 1280 புள்ளி. 256ஐ ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தில் சரியாக ஐந்து புள்ளிகள், மிச்சமில்லை, மங்கலில்லை.

பழைய குழாய்த் திரையின் கோடுகளைப் போட்டுக்காட்டும் வடிகட்டிகள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். அந்தப் பெட்டிகளில் குழாயையே பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தார்கள். ஆகவே டொங்கி கொங்கின் வரிக்கோடுகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்குக் கோடு போட்ட படத்தைப் பார்த்தால் எனக்கு, புடவையின் கரையைக் குறுக்கே தைத்ததுபோல் இருக்கிறது. புள்ளிகளை மழுக்கி ‘அழகாக்கும்’ வடிகட்டிகளை நான் தொடுவதே இல்லை. புள்ளி தெரியத்தான் வேண்டும். ஆட்டத்தின் நாயகன் மாரியோவுக்கு மீசை வந்ததே, அத்தனை சிறிய உருவத்தில் வாய் வரைய இடமில்லாததால்தான்.

வேகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மூலப் பலகை விநாடிக்கு 60.6 தடவை படத்தைப் புதுப்பித்தது. என் மொனிட்டர் 60 தடவை. ஆட்டத்தை 60க்கு இழுத்துக் கட்டினால் அசைவு வழுவழுப்பாகும்; ஆனால் எல்லாமே நூற்றில் ஒரு பங்கு தாமதிக்கும், இசையும் ஒரு இழை இறங்கும். நான் வேகத்தைத் தொடவில்லை. ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை சிறு விக்கல் வருகிறது, வரட்டும்.

கைப்பிடிக்குப் பெட்டி வேண்டும். எம்பெக்க போகும் வழியில் ஒரு தச்சரிடம் பலாப் பலகையில் செய்வித்தேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். மணிக்கட்டு படும் விளிம்பைத் தானாகவே வளைத்து இழைத்துக் கொடுத்தார். ஜொய்ஸ்டிக்கின் அடியில் ஒரு சதுரத் தட்டு இருக்கும். அதை 45 பாகை திருப்பினால் மூலைத் திசைகள் அடைபட்டு நான்கு திசை மட்டும் மிஞ்சும். இந்த ஆட்டத்துக்கு அதுதான் உயிர். எட்டுத் திசைக் கம்பியில் ஏணியின் நுனியில் கை அரை நூல் சரிந்தால் மாரியோ தயங்குகிறான். அதற்குள் பீப்பாய் வந்துவிடும். திருப்பிய தட்டில் ஒவ்வொரு திசையும் ‘டக்’ என்று ஓரிடத்தில் போய் உட்காருகிறது.

குறைகளையும் மேம் திருத்துவதில்லை. அதற்காகவே அதன் மேல் எனக்கு மதிப்பு. ஆட்டத்தின் நேரக் கணக்கு, கட்டத்தின் எண்ணைப் பத்தால் பெருக்கி நாற்பதைக் கூட்டுவது. 22ஆம் கட்டத்தில் அது 260. ஒரு பைட்டில் 255க்கு மேல் கொள்ளாது. எண் சுற்றிவந்து 4 ஆகிறது. சில விநாடிகளில் நேரம் தீர்ந்து மாரியோ சாகிறான். கெட்டிக்காரர் ஆடினாலும் பெரும்பாலும் அங்கே சாகிறான். 1981இன் அமெரிக்கப் பெட்டியில் சாவதுபோலவே கட்டுகஸ்தோட்டையிலும் சாகிறான். ஒரு வரி நிரலில் அதைச் சரிசெய்துவிடலாம். செய்தால் அது வேறு ஆட்டம்.

மச்சானின் பலகை அமெரிக்கப் பதிப்பு. அதில் சிமெந்துத் திரை மூன்றாம் கட்டத்தில், ஏழாவது திரையாகத்தான் வரும். யப்பானியப் பதிப்பில் இரண்டாவது திரையே அது. அந்தப் பதிப்பைத் தேடியிருக்கலாம்; ஆனால் வரிசைப்படி போய்ச் சேர வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம். ஏழு வாரம் ஆயிற்று. வெளியே மழை அடித்த ஒரு ஞாயிறு இரவு, ஆறாவது திரை முடிந்து திரை ஒரு கணம் இருண்டது. பிறகு பட்டைகள் நகர ஆரம்பித்தன. தட்டுகள் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. பட்டை சட்டென்று திசை மாற, திரும்பி வந்தன. மேலே ஏணிகள் தாமாகவே நீண்டு சுருங்கின. பொத்தானை அழுத்த மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தட்டு வந்து மாரியோ மேல் மோதியது.