பையிலுள்ள இரு நிறைகற்கள்
ஆதிச்சநல்லூர்க் காலக் கணிப்பும் நம் அருளுரைகளும்

ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் காலம் குறித்த செய்தி வெளிவருந்தோறும் நம் திருச்சபைகளில் ஒரு மறுப்பும் உடன் எழுகின்றது. கார்பன்-14 என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுட்காலத்தை அறிஞர் முதலில் 5568 ஆண்டுகள் என்றனர். பின்னர் 5730 என்றனர். அளவுகோலே மாறுமாயின் அளந்தது எங்ஙனம் நிற்கும் என்பதே அம்மறுப்பு. படைப்பு கி.மு. 4004இல் நிகழ்ந்ததென அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் கணித்த கணக்கைக் காக்கும் நோக்குடன் அருளுரைகளில் எடுத்தாளப்படும் இவ்வாதம் நேர்மையானதா என ஆராய்வது நம் கடமையாகும்.

ஐயாயிரம் ஆண்டுகள் காத்திருந்து ஒரு பொருள் பாதியாகத் தேய்வதை எவரும் கண்டறிய இயலாது. ஆகவே, ஒரு மாதிரியில் உள்ள கார்பன்-14 அணுக்களின் எண்ணிக்கையையும், குறித்த நேரத்தில் சிதைவனவற்றின் எண்ணிக்கையையும் தனித்தனியே அளந்து, இரண்டின் விகிதத்திலிருந்து அரை ஆயுட்காலம் பெறப்படுகின்றது. இவ்விரண்டில் எதில் பிழை நேரினும் விடை பிழைபடும். லிபியின் காலத்து அளவீடுகளின் சராசரியே 5568. கருவிகள் செம்மையுற்றபின், 1962இல் கேம்பிரிட்ஜில் கூடிய அறிஞர் 5730 (40 ஆண்டு கூடுதலோ குறைவோ) என்பதே சிறந்த மதிப்பு என ஏற்றனர். எனினும் முன்பு வெளியான தேதிகளோடு குழப்பம் நேராதிருக்க, பழைய எண்ணிலேயே முடிவுகளை வெளியிடுவதென்றும் தீர்மானித்தனர். இதில் மறைப்பு யாதுமில்லை.

இம்மாற்றத்தின் விளைவுதான் எத்துணை? இரு எண்களுக்கும் வேறுபாடு நூற்றுக்கு மூன்று பங்கே. 2700 ஆண்டுத் தொன்மையுள்ள கரித்துண்டுக்கு அது ஏறக்குறைய 80 ஆண்டுகள். அதுவும் இன்று பொருட்டன்று. ஆண்டு வளையங்களால் வயது திட்டமாக அறியப்பட்ட மரங்களின் கார்பனை அளந்து, அவற்றோடு ஒப்பிட்டே தேதிகள் திருத்தப்படுகின்றன. இரு பக்கமும் ஒரே எண் கையாளப்படுவதால் அரை ஆயுட்காலத்தின் பிழை தானே நீங்கிவிடுகின்றது. ஆகவே நம் மறுப்பாளர், இடிந்துவிழாத சுவரைத் தாங்கிநிற்கும் தூணொன்றை இடிக்க முயலுகின்றனர் எனலாம்.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. கி.மு. 800 முதல் 400 வரையுள்ள காலத்தில் அத்திருத்தக் கோடு சமதளமாய்க் கிடப்பதால், நூற்றாண்டுகள் இடைவெளியுள்ள பொருள்களும் ஒரே வயது காட்டக்கூடும். 2004-05 அகழ்வில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரு மாதிரிகளுக்குக் கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலங்கள் 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தெரிவிக்கப்பட்டன. இவற்றுள் பின்னையது அத்தளத்தின் எல்லைக்குள் வருவது. இதை எடுத்துரைக்கும் மறுப்பாளரை யாம் கண்டிலோம். மேலும் கி.மு. 905 என்பது சாலொமோனுக்குப்பின் இஸ்ரவேல் இரண்டாகப் பிளவுண்ட காலத்தை அடுத்தது. அஷரின் கணக்கோடும் முரணாத ஒன்றைக் கண்டு நாம் அஞ்சுவானேன்?

மறுபக்கத்தாரும் குற்றத்திற்கு நீங்கியவரல்லர். அருகிலுள்ள சிவகளையின் நெல்லுக்குக் கி.மு. 1155 என 2021இலும், அவ்வூர் இரும்புக்குக் கி.மு. 3345 என 2025இலும் அறிவிக்கப்பட்டபோது, பிழை எல்லையை நீக்கிவிட்டு ஒற்றை எண்ணை மட்டும் முழக்கியோர் பலர். சோதிக்கப்பட்டது கரியா, மண்ணா, நெல்லா? அது தாழியோடு உடன் இடப்பட்டதா, பின்னர் புகுந்ததா? மரம் வெட்டப்பட்டு எத்துணைக் காலத்திற்குப்பின் எரிந்தது? இவ்வினாக்களை எழுப்பாமல் இனப் பெருமை பேசுவதும், இவற்றை அறியாமல் அறிவியலைத் தூற்றுவதும் ஒரே குறையின் இரு முகங்களே.

பையில் பெரிதும் சிறிதுமான இரு நிறைகற்களை வைத்திருப்பதை உபாகமம் 25ஆம் அதிகாரம் கடிந்துரைக்கின்றது. ஆய்வாளரிடமும் இரு நிறைகற்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின்மீதும் அதன் எடையைப் பொறித்து, சந்தையில் வெளிப்படையாய் வைத்தனர். நாமோ நமக்குச் சாதகமான தேதி வந்தால் தொல்லியலைத் திருமறைக்குச் சான்றென்று முழங்குகின்றோம். பாதகமானது வந்தால் அதே முறையைப் பொய்யென்கின்றோம். நிறைகற்களை மறைத்து வைத்திருப்பவர் யார்?

கடவுளின் பொருட்டு அநியாயம் பேசலாகுமோ என யோபு தம் நண்பரை வினவியது (13:7) அருளுரையாளர் ஒவ்வொருவரையும் நோக்கிய வினாவாகும். தாமிரபரணிக் கரையில் தாழிக்குள் தம் மாந்தரை அடக்கம் செய்தோரின் காலத்தை மெய்யாய் உரைப்பது அம்முன்னோர்க்கு நாம் செலுத்தும் மதிப்பு. அதனினும் மேலாக, மெய்யாகிய கடவுளுக்கு நாம் செலுத்தும் ஆராதனை. இறையியல் மாணவர் எண்களை மேடையேற்றுமுன் அவற்றின் பிழை எல்லையையும் கற்பாராக.